யாரும் காணாத இடத்தில்

கல்வராயன் மலையடிவாரத்து ஊர் கச்சிராயபாளையம். அதற்கு அணித்தேயுள்ள கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம், கருணாபுரம் பகுதியில் விற்கப்பட்ட கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. இது கொடுமை என்று கூற ஒருவர் இறைநம்பிக்கை உடையவராக இருத்தல் வேண்டுமா?

வேண்டியதில்லை. இதனை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். 1921-இல், காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையை ஏற்று, ஈ.வெ.ரா. பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பின்னாளில் இறைமறுப்பைத் தமிழகமெங்கும் முழங்கிய அவர், சாதி இழிவை ஒழிக்க 1973-இல் மறையும்வரை ஓயாது உழைத்தார். கடவுளை மறுப்பவர் யாவரும் ஒழுக்கம் கெட்டவர் என்பது அவதூறு. அவதூறு நமக்கு ஹராம்.

நன்மை தீமையை அறிவே கண்டுகொள்ளுமா, வேதத்தின் வாயிலாகவே அறிய முடியுமா என்று முஃதஸிலாக்களும் அஷ்அரீக்களும் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தனர். நன்மை தீமையை அறியும் உணர்வு ஒவ்வோர் ஆன்மாவிலும் இறைவனால் வைக்கப்பட்டது என்று திருமறையின் 91-ஆவது அத்தியாயம் அறிவிக்கின்றது. மதுவைப் பற்றிக் கூறுமிடத்தும் (2:219), அதன் பயனையும் கேட்டையும் சீர்தூக்கிக் காட்டுகின்றது.

அவ்வாறாயின் நம்பிக்கை எதற்கு? அறிவது வேறு, கட்டுப்படுவது வேறு. பிறர் துன்பம் நஞ்சு விற்பவன் அறியாததன்று. "அதனால் எனக்கென்ன? அகப்பட்டால்தானே தண்டனை?" என்று அவன் கேட்டால், மனிதாபிமானம் மன்றாடும், சமூகம் கண்டிக்கும். இரண்டையும் உதறியவனை எந்தக் கடமை கட்டும்? மனிதர் மட்டுமே வகுத்த நெறி, மனிதர் விருப்பத்தோடு மாறக்கூடும். உயிருக்கு மதிப்பளித்தவன் ஒருவன் உளன் என்னும்போதே, ஊரே ஒப்பினாலும் தவறு தவறாகவே நிற்கும். அந்நெறிக்கு அவனே ஆதாரம். மறுமையின் விசாரணை அதற்குக் காவல். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் 83-ஆவது அத்தியாயம், அவர்களுக்கு மறுமை நாளை நினைவூட்டுவது இதனாலன்றோ!

வாசக அன்பர்களே! இந்த வாதத்தை மேடையில் மட்டும் வென்று பயனில்லை. ஈமான் கொண்டோம் என்று சொல்லும் நாமே தராசில் கை வைத்தால், கூலியாளின் கூலியைக் குறைத்தால், நம் சொல்லை எவர் செவிமடுப்பார்? கணக்குக் கேட்பார் இல்லாத இடத்திலும் நேர்மை தவறாத ஒரு முஸ்லிமின் வாழ்வே, நாத்திகர் கேள்விக்கு நாம் தரத்தக்க நல்ல விடை. அத்தகையோராக நம்மை வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.