ஐந்து ஸ்பீக்கரும் எப்போதும் பாட வேண்டுமா?

கம்ப்யூட்டர் வாங்கி, அதை எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் ஹோம் தியேட்டர் ரிசீவரில் இணைத்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, ரிமோட்டில் உள்ள சரவுண்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான். ஹால், ஸ்டேடியம், ஜாஸ் கிளப், ராக் அரீனா என ஒவ்வொன்றாக டிஸ்பிளேயில் வரும். எதில் ஐந்து ஸ்பீக்கரும் பலமாகச் சத்தம் போடுகிறதோ, அதிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு வாரத்தில் புகார் தொடங்கும். "சண்டைக் காட்சி எல்லாம் சூப்பர் சார், ஆனா பேசறது ஒண்ணும் புரியலை."

சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் வீட்டில் பிளக் வைத்த எல்லாவற்றையும் சரி செய்வான் என்பது உறவினர்களின் நம்பிக்கை. அதனால் இந்தப் புகார் என்னிடமும் அடிக்கடி வருகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டனில் வரும் மோட்களில் பெரும்பாலானவை நமக்குத் தேவையில்லை. சில மோட்கள் நாம் காசு கொடுத்து வாங்கிய ஒலியைக் கெடுக்கவே செய்கின்றன.

இதில் குழப்பம் எங்கே வருகிறது? மூன்று வேறு வேலைகளை ஒரே பட்டனில் வைத்திருக்கிறார்கள். டிவிடியில் டால்பி டிஜிட்டல் 5.1 என்று இருந்தால், ஒலி ஏற்கனவே ஆறு தடங்களாகப் பிரித்துப் பதியப்பட்டிருக்கிறது. முன்னால் இடது, நடு, வலது. பக்கத்தில் அல்லது பின்னால் இரண்டு. தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டும் ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ரிசீவர் இதைப் பிரித்துக் கொடுத்தால் போதும். எந்தக் காக்கை எந்தப் பக்கம் கரைய வேண்டும் என்பதை ஒலிப்பதிவாளர் முடிவு செய்துவிட்டார்.

அடுத்தது, இரண்டு தட ஸ்டீரியோவை ஐந்தாக விரிப்பது. 1987ல் வந்த டால்பி புரோ லாஜிக், 2000ல் வந்த புரோ லாஜிக் 2 எல்லாம் இந்த வகை. இன்றைய ரிசீவர்களில் டால்பி சரவுண்ட், டி.டி.எஸ். நியூரல்:எக்ஸ் என்ற பெயர்களில் இருக்கின்றன. இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலியை நடு ஸ்பீக்கருக்கும், மாறுபட்டு இருப்பதைப் பின்னாலும் அனுப்புவதுதான் இவற்றின் அடிப்படை. யூட்யூபில் ஸ்டீரியோவாக வரும் படத்திற்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 1960களின் பாடல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது மோனோ பதிவு. இரண்டு பக்கமும் ஒரே ஒலி. முழுப் பாட்டும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும், மற்ற நான்கும் ஊமையாகிவிடும். செட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஸ்டீரியோ மோடுக்கு மாற்றினால் போதும்.

மூன்றாவது வகைதான் என் கோபத்திற்குரியது. யமஹா நிறுவனம் 1986ல் டி.எஸ்.பி.-1 என்ற கருவியைக் கொண்டு வந்தது. உண்மையான இசை அரங்குகளில் ஒலி எப்படி எதிரொலிக்கிறது என்று அளந்து, அந்த எதிரொலியை வீட்டில் உருவாக்கிக் காட்டியது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். வியன்னா ஹால், மியூனிக் ஹால் என்ற பெயர்களை யமஹா ரிசீவர்களில் பார்த்திருப்பீர்கள். மற்ற நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு ஸ்டேடியம், ஜாஸ் கிளப் என்று சேர்த்துக்கொண்டன. ஆனால் நம் சினிமாப் பாடல்களில் எதிரொலியை ஸ்டுடியோவிலேயே சேர்த்துத்தான் தருகிறார்கள். அதன் மேல் நாம் இன்னொரு ஹாலை ஏற்றினால் பாடுபவரின் குரல் கரைந்து போகிறது. படம் என்றால் இன்னும் மோசம். சமையலறையில் இரண்டு பேர் ரகசியம் பேசுவது கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துப் பேசுவது போலக் கேட்கும்.

எங்கள் பாட்டி, "டிவியிலேயே வைடா, இதுல ஒண்ணும் விளங்கலை" என்பார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். வயதானவர்களுக்குச் செவி மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ரிசீவரின் டிஸ்பிளேயில் என்ன மோட் இருக்கிறது என்று பாருங்கள். எதிரொலியில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள்தான். மெய்யெழுத்து போனால் வார்த்தை போச்சு. மோட் சரியாக இருந்தும் வசனம் மங்கலாக இருந்தால், நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள்.

இனி கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். இங்கேதான் புதிதாக வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் ஸ்டீரியோவில் அமைக்கப்பட்டிருந்தால், உங்கள் 5.1 படத்தின் ஆறு தடங்களும் கம்ப்யூட்டரிலேயே இரண்டாகச் சுருக்கப்படும். பிறகு ரிசீவர் அந்த இரண்டை ஐந்தாக விரிக்கும். தேங்காயைத் துருவிவிட்டு மறுபடியும் முழுத் தேங்காயாக ஒட்ட வைக்கப் பார்ப்பது போன்ற வேலை இது. விண்டோஸ் 11ல் டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் செல்லவும். கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதில் பிளேபேக் டேபில் உங்கள் ரிசீவரைத் தேர்ந்தெடுத்து, கான்பிகர் பட்டனை அழுத்தி 5.1 என அமைத்திடுங்கள்.

வி.எல்.சி. பிளேயர் பயன்படுத்துபவர்கள் டூல்ஸ், பிரிபரன்சஸ், ஆடியோ சென்று எச்.டி.எம்.ஐ./எஸ்.பி.டி.ஐ.எப். பாஸ்த்ரூ என்பதை இயக்கலாம். அப்போது டால்பி ஒலி பிரிக்கப்படாமல் அப்படியே ரிசீவருக்குப் போகும். டிஸ்பிளேயில் டால்பி என்ற பெயர் வரும். இந்த நிலையில் கம்ப்யூட்டரின் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவர் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆப்டிகல் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம். அந்தக் கேபிளில் பிரித்த ஒலி என்றால் இரண்டு தடம்தான் போகும்.

மோட் தேடும் நேரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஸ்பீக்கர் தூரத்தைச் சரியாகக் கொடுப்பது. ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் ஆகிறது. நம் ஹாலில் சோபா சுவரை ஒட்டியே இருக்கும். பின் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எது முதலில் காதுக்கு வருகிறதோ அந்தத் திசையிலிருந்தே ஒலி வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949ல் விளக்கினார். தூரம் தப்பாக இருந்தால் முன்னால் வர வேண்டியது பின்னால் இழுக்கும். ரிசீவருடன் சிறிய மைக் தந்திருந்தால் அதைக் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தானியங்கி அளவீட்டை ஓட விடுங்கள். சில நிமிட வேலைதான்.

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு வரும் ஆல் சேனல் ஸ்டீரியோவுக்கு மட்டும் என் ஓட்டு உண்டு. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் நாளில் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பதில்லையே! அதே போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நைட் மோட் உதவும். டால்பி டிஜிட்டல் படங்களில் இது வெடிச் சத்தத்தைக் குறைத்து மெல்லிய பேச்சை உயர்த்தித் தரும். இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.