புள்ளிக்காகப் பறக்க வேண்டாம்



சென்ற வாரம் ஒரு மாணவனின் தகப்பனார் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். திருச்சிப் பக்கம் அவருடைய பெரியப்பா வீட்டில் கலியாணம். குடும்பத்தோடு நான்கு பேர் போக வேண்டும். "சார், ஒரு விமானத்திலே போனா புள்ளி குடுக்கிறாங்களாம். அடுத்த தடவை இலவசமாப் போகலாமாம். ஆளுக்கு இருநூறு வெள்ளி கூட. எடுக்கலாமா?" என்றார்.

"கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆறு வருசம் ஆச்சு சார்."

அந்தப் பதிலிலேயே விடை இருக்கிறது. இந்தப் புள்ளித் திட்டம் 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவியது. மாதம் இருமுறை பறக்கும் வியாபாரிகளைத் தம்மிடமே தக்க வைத்துக்கொள்ள விமான நிறுவனங்கள் கண்ட வழி அது. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. புள்ளிக்கு ஆயுள் குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்கு அவை எப்படிச் சேரும்? நானும் ஒரு திட்டத்தில் சேர்ந்து, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, புள்ளிகளைப் பறிகொடுத்தவன்தான். மேலும், இலவசச் சீட்டு என்றாலும் விமான நிலைய வரியை நாம்தான் கட்ட வேண்டும். சீட்டு மலிவானால் கிடைக்கும் புள்ளியும் பெரும்பாலும் குறைவு.

அப்படியானால் சேரவே கூடாதா? சேரலாம், கட்டணம் இல்லை. ஆனால் முதலில் சீட்டைப் பாருங்கள், புள்ளியைப் பிறகு பாருங்கள்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து நமக்கு இரண்டு வழிகள். வடக்கே சிப்பாங் போனால் ஏர் ஏசியாவும் பாதிக் ஏரும் திருச்சிக்குப் பறக்கின்றன. தெற்கே பாலம் கடந்து சாங்கி போனால் ஸ்கூட் இருக்கிறது. பஸ் செலவு, பெட்டிக்கான கட்டணம், பாலத்து நெரிசல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எந்த வழி உங்களுக்கு வழக்கமோ அந்த வழியில் ஒரே ஒரு திட்டத்தில் சேருங்கள். சாங்கி வழியே போகிறவர்களுக்குக் கிரிஸ்ஃபிளையர் பொருந்தும். ஸ்கூட் பயணத்திற்கும் அதில் மைல் சேரும். மலேசியா ஏர்லைன்ஸில் போகிறவர்களுக்கு என்ரிச். நான்கு திட்டங்களில் நாலைந்து புள்ளி வைத்தால் எதிலும் கோலம் ஆகாது.

இன்னொன்று. நம் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' பல இடங்களில் தொல்லை தருவது உங்களுக்குத் தெரியும். கடப்பிதழிலும் சீட்டிலும் உறுப்பினர் பதிவிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கட்டும். பெயர் மாறினால் புள்ளி வந்து சேராமல் போகலாம். சீட்டு எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். புள்ளி கணக்கில் ஏறும்வரை விமானம் ஏறும் அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்.

புள்ளிக்காகக் கடன் அட்டை வாங்கச் சொல்லி யாராவது வந்தால், வட்டி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வட்டி கட்டிச் சேர்க்கும் புள்ளி இலவசமே அல்ல.

அந்தத் தகப்பனார் மலிவான சீட்டையே எடுத்தார். நான்கு பேருக்கு 800 வெள்ளி மிச்சம். "மொய்க்கு ஆச்சு சார்!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.