இல்லமும் கைத்தொழிலும்: பழைய படகும் கைவண்டியும்



திருவண்ணாமலையில் குடியிருக்கும் ஒருவன் கடற்படகைப் பற்றி எழுதப் புகுந்தால் நீங்கள் நகைப்பது இயல்பே. எங்கள் ஊரில் மலை உண்டு, கடல் இல்லை. வங்கக் கடலைக் காண வேண்டுமாயின் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். தீபத் திருவிழா முடிந்தபின் ஐயங்குளத்தில் மூன்று நாட்கள் வலம் வரும் தெப்பமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த படகு. எனினும் இத்திங்கள் படகைப் பற்றியே எழுத வேண்டியவனாகிவிட்டேன். காரணம், என் தங்கையின் மகன்.

அவன் புதுவையில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். இரு நண்பர்களுடன் சேர்ந்து, மூவரும் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில், பாய் விரித்து ஓட்டும் பழைய இரட்டை மிதவைப் படகு ஒன்றை வாங்கினான். விலை மலிவு, வர்ணம் புதிது. அவ்விரண்டையும் ஒருங்கே கண்டபோதே ஐயுற்றிருக்க வேண்டும். ஐயுறவில்லை. கரையில் இழுத்துச் செல்ல வண்டி இல்லாமையால், படகை மணலிலேயே தேய்த்துத் தேய்த்து இழுத்தனர். ஒரு ஞாயிறு மாலை, கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில், இடப்பக்க மிதவைக்குள் நீர் புகுந்து படகு சாய்ந்தது. மூவரில் ஒருவன் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. மீன்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கண்ணாடியிழைப் படகு ஒன்று அவ்வழியே வந்திராவிடில், இக்கட்டுரையை நான் எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன்.

ஒரு வாரம் கழித்தே அவன் தன் தாயிடம் இதனைச் சொன்னான். அன்றிரவே தங்கை என்னை அழைத்தாள். "அண்ணா, அந்தப் படகு நம் வீட்டுக்கு வேண்டாம். எப்படியாவது கைகழுவச் சொல்லுங்கள்" என்று அழுதாள். நான் மறுநாளே புதுவைக்குச் சென்றேன்.

மிதவையைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்த்தோம். ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடியிழை தேய்ந்து, முறம்போல் மெலிந்திருந்தது. அதன்மேல் மக்கு பூசி, வர்ணம் அடித்து மறைத்திருந்தார்கள். "மாமா, எங்களுக்கு எப்படி விற்றார்களோ அப்படியே நாங்களும் வர்ணம் அடித்து விற்றுவிடுகிறோம். போட்ட பணமாவது திரும்பும்" என்றான் பையன். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மூவரின் சேமிப்பும் அதில் முடங்கிக் கிடந்தது. ஆனால் இதைக் கேள்வியுற்ற தங்கை, படகைத் தொலைத்துவிடத் துடித்த அதே தங்கை, தொலைபேசியில் மகனிடம் ஒரே ஒரு வாக்கியம் கூறினாள்: "அதில் ஏறப் போகிறவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருப்பாள்."

அத்துடன் அப்பேச்சு நின்றது. குறையை உள்ளபடி சொல்லி, பாயையும் பாய்மரத்தையும் சுக்கான்களையும் மட்டும் உதிரிகளாக விற்றனர். போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. எனினும் கடல்மீது கொண்ட ஆசை அவர்களை விடவில்லை. ஓராண்டு பணம் சேர்த்து மீண்டும் ஒன்று வாங்க எண்ணியபோது தங்கை ஒரு நிபந்தனை விதித்தாள்: "மாமா பார்த்துச் சரி என்று சொன்னால் வாங்கு, இல்லையேல் வேண்டாம்." தச்சும் பற்றவைப்பும் அறிந்த நான் படகை அறியேன். ஆகவே அறிந்தவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியதாயிற்று. கற்றவற்றை உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். உலகெங்கும் இரட்டை மிதவைப் படகை அழைக்கும் பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. 1697இல் வெளியான தம் பயண நூலில், ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் நம் கட்டுமரத்துக்கு இரண்டு மிதவைகள் இல்லை. இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்ததே அது. இரட்டை மிதவை பசிபிக் தீவினரின் பழைய வழக்கம். அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரஷாஃப் 1876இல் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை மிதவைப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி ஏனைய படகுகளைப் பின்தள்ளினார். விளைவாக அவ்வகைப் படகே பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டது. 1960களின் இறுதியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி ஆல்ட்டர், கடற்கரை மணலிலிருந்தே தள்ளி ஏறத்தக்க சிறு படகுகளை ஆக்கினார். அவற்றுள் 'ஹோபி 16' மிகவும் பரவியது. அதன் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். எடை ஏறத்தாழ 145 கிலோ. இவ்வாறு நம் சொல் உலகைச் சுற்றி, வேறொரு படகின்மேல் ஏறிக்கொண்டு நம் கரைக்கே திரும்பி வந்திருக்கிறது.

பழைய படகை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, மிதவையின் உடல். மெல்லிய கண்ணாடியிழைத் தோல்கள் இரண்டினிடையே நுரைப்பலகை வைத்து ஒட்டியதே பெரும்பாலான மிதவைகளின் மேற்புறம். வெயிலாலும் நீராலும் தோல் நுரையைவிட்டுப் பிரிந்துவிட்டால் அவ்விடம் வலுவிழக்கும். பெருவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள், அமுங்கினால் ஐயுறுங்கள். நாணயத்தால் தட்டுங்கள், நல்ல இடம் 'டக்' என்று ஒலிக்கும், பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். பானை வாங்கும்போது நம் பெண்கள் செய்யும் சோதனைதான் இது. குறிப்பாக, முன் குறுக்குச் சட்டத்தை ஒட்டிய பகுதியைத் தட்டாமல் விடாதீர்கள்.

இரண்டாவது, அடிப்பாகம். வர்ணத்தை நம்பாதீர்கள். படகைக் கவிழ்த்து, மணலில் உராயும் பின்பகுதியைத் தடவிப் பாருங்கள். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே நீர் உள்ளதா எனப் பாருங்கள். அத்துளையில் ஒரு குழாயைப் பொருத்தி வாயால் மெல்ல ஊதிக்கொண்டு, வெளியே சவர்க்கார நீரைத் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, மிதவை பிளந்துவிடும்.

மூன்றாவது, நேர்மை. முன்நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்நுனி வரை இருபுறமும் குறுக்காக அளந்து பாருங்கள். அளவுகள் ஒத்திருந்தால் படகு சதுரமாக நிற்கிறது; இல்லையேல் சட்டம் வளைந்துள்ளது. தச்சர் கதவு நிலைக்குச் செய்வதும் இதுவே.

நான்காவது, கம்பி வடங்கள். பாய்மரத்தை நிறுத்தி வைப்பவை இவையே. ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும், பழுப்புத் துரு ஏறியிருந்தாலும், எல்லா வடங்களையும் புதிதாக மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டத்தில் எஃகு ஆணிகள் தைத்த இடங்களில், உப்பு நீரால் வெண்பொடி பூத்து அரித்திருக்கும், அதையும் பாருங்கள்.

ஐந்தாவது, பாயும் நடுத்தளமும். நூல் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். வெயிலில் மக்கிய நூல் உடனே அறுந்துவிடும். நடுத்தளத்தின் தையல் அறுந்தால் மனிதன் நேரே நீருக்குள் விழுவான்.

எங்கள் பிள்ளைகள் நான்கு படகுகளைப் பார்த்து மூன்றை ஒதுக்கினர். நான்காவதன் வர்ணம் மங்கியிருந்தது. உடலோ திடமாக இருந்தது. அதன் உரிமையாளர் தாமே முன்வந்து, சுக்கான் ஒன்றில் உள்ள வெடிப்பைக் காட்டினார். அதையே வாங்கினோம்.

இனி, வண்டி. முதற்படகைக் கொன்றது கடலன்று, மணல். மணலில் இழுத்தால் மிதவை தேயும். தூக்கினாலோ மனிதரின் முதுகு தேயும். கட்டுமரக் காலத்து மீனவர்கள் கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, நீரூறிக் கனத்த மரங்களைத் தோளில் சுமந்து உலர்த்தினார்கள். அந்தச் சுமையின் தழும்பை முதியவர் பலரின் தோள்களில் இன்றும் காணலாம். உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் மீன்வளத் திட்டம், அலை அடிக்கும் திறந்த கரையில் இறங்கி ஏறத்தக்க படகுகளை வடிவமைக்கப் பல ஆண்டுகள் உழைத்தது. படகை மணலில் ஏற்றுவது அத்துணை பெரிய சிக்கல்.

எங்கள் ஊராருக்கு இச்சிக்கல் புதிதன்று. பஞ்சரதங்கள் வலம் வரும் ஏழாம் திருநாளன்று மாட வீதிகளில் நின்றவர் எவரும், பெரும் பாரத்துக்கு அகன்ற சக்கரம் எதற்கு, முட்டுக்கட்டை எதற்கு என்பதை அறிவர். அதே அறிவைச் சிறிய அளவில் கைக்கொண்டோம்.

முதலில் மிதிவண்டிச் சக்கரம் இரண்டைப் பொருத்திப் பார்த்தோம். சுருங்கச் சொன்னால், அது கலப்பையாயிற்று. கணக்கு எளிது. 145 கிலோ எடையை இரு சக்கரங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் மணலைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 30 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டரை 2.4 கிலோ அழுத்துகிறது. சக்கரம் புதையாமல் என்ன செய்யும்? பின்னர், பழைய ஆட்டோ ரிக்ஷா சக்கரங்கள் நான்கை வாங்கிப் பக்கத்துக்கு இரண்டாக இணைத்தோம். காற்றைப் பெரும்பகுதி இறக்கிவிட்டால், ஒவ்வொன்றும் 140 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பரந்து அமரும். அப்போது அழுத்தம் 0.26 கிலோதான். மணலில் நடக்கும் மனிதனின் காலடி அழுத்தத்தைவிட இது குறைவு. காற்று இறக்கிய இச்சக்கரம் கரை மணலுக்கு மட்டுமே உரியது, சாலைக்கு ஆகாது.

அச்சுக்குத் துத்தநாகம் பூசிய கனத்த இரும்புக் குழாய். நீளத்தைப் படகின் இரு மிதவைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே அளந்து வெட்டுங்கள். குண்டுப் பேரிங்குகள் உப்பு நீரில் ஒரு பருவம்கூடத் தாங்கா. அவற்றைக் கழற்றிவிட்டு நைலான் புஷ் கடைந்து பொருத்துங்கள். மிதவைகள் அமர, அவற்றின் வளைவுக்கேற்ப இரு மரத் தாங்கிகளைக் குடைந்து, பழைய கம்பளத்தைச் சுற்றி ஒட்டுங்கள். ஆணித்தலை எதுவும் வெளியே தெரியலாகாது. அகன்ற நாடாவால் படகை வண்டியுடன் இறுகக் கட்டுங்கள்.

வண்டி நிற்க வேண்டிய இடமும் முக்கியம். படகின் எடை மையத்துக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் அச்சை வைத்து, அச்சிலிருந்து 2.4 மீட்டர் தொலைவில் முன்பக்கத்தைத் தூக்கினால், கையில் ஏறும் பாரம் 12 கிலோ மட்டுமே. இன்னும் பின்னால் வைத்தால் பாரம் கூடும்; மையத்துக்கு முன்னால் வைத்தால் படகு பின்புறமாகக் கவிழப் பார்க்கும்.

மூன்று எச்சரிக்கைகளை மறவாதீர்கள். பாய்மரத்தை நிறுத்தியபடி வண்டியை இழுத்துச் செல்லும்போது மேலே மின்கம்பி உண்டா என்று நிமிர்ந்து பாருங்கள்; அலுமினியப் பாய்மரம் மின்சாரத்துக்குத் திறந்த வழி, தொட்டால் உயிர் போகும். சரிவில் இறக்கும்போது ஒருவர் பின்னிருந்து கயிற்றைப் பிடிக்க, மற்றொருவர் முட்டுக்கட்டையுடன் பக்கவாட்டில் நடக்கட்டும். வண்டியின் முன்னே எவரும் நிற்க வேண்டாம். படகை நீரில் விடுமுன் வடிகால் மூடிகளைத் திருகியாயிற்றா என வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் பெறுங்கள். மிதவைச் சட்டை இல்லாதவனுக்குப் படகில் இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குக் காற்றில் கரை மீனவர் கடலை நோக்கித் தலையசைத்துவிட்டால், அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

சென்ற தை மாதம் வண்டியை முதன்முதல் மணலில் இறக்கினோம். தங்கையும் வந்திருந்தாள். கரையில் தள்ளியே நின்றவள், பின்பு தானாகவே வந்து படகின் முன்பக்கத்தைத் தூக்கினாள். "ஒரு குடம் தண்ணீர் கனம்தானே இருக்கிறது!" என்றாள். நீர்விளிம்பு வரை அவளே இழுத்து வந்தாள். பின்பு மகனின் மிதவைச் சட்டையின் நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "மூடி?" என்று கேட்டாள். "இரண்டும் போட்டாயிற்று, அம்மா" என்றான் அவன். அதன் பிறகே கையை எடுத்தாள்.

வாசகர்களே, பழைய பொருளை வாங்குவதில் இழிவேதுமில்லை. பெரும்பாலான நம் குடும்பங்கள் அவ்வாறே வாழ்கின்றன. ஆனால் வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள்; விற்கும்போது வாயைத் திறந்து குறையைச் சொல்லுங்கள். படகானாலும், மிதிவண்டியானாலும், தையல் இயந்திரமானாலும் முறை ஒன்றே. அடுத்த திங்கள் சந்திப்போம்.