யானையைப் பார்க்கப் போறோமா, படுத்தப் போறோமா?

இந்த வருஷ டூருக்கு முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாம்னு சார் சொன்னதும் நானும்தான் கத்தினேன். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய படத்தில் வந்த ரகுவும் பொம்மியும் வளர்ந்த இடமாச்சே! பாகன்கள் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்து உருண்டை பிடித்து ஊட்டுவதைத் தள்ளி நின்று பார்க்கலாம்.

பார்க்கலாம், அவ்வளவுதான். செல்ஃபி, விசில், சிப்ஸ் வீசுறது எதுவும் கூடாது என்பது என் கருத்து. பக்கத்து மசினகுடியில் 2021 ஜனவரியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த காட்டுயானை மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காது கருகி, தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போச்சு. டூரிஸ்ட்டுக்காகத்தானே அந்த விடுதி? (இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை.)

நமக்கு இது புரியாதா என்ன? 2023 டிசம்பரில், புயலுக்கு அப்புறம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தப்போ கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப்போய் நின்னுச்சு. வேடிக்கை பார்க்க வந்தவங்க ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. எங்க மாமா வலை கறுப்பாவே கிடந்துச்சு.

அதனால சார், டூர் போகலாம். ஆனால் காட்டுக்குள் பஸ் நுழைஞ்சதும் பாட்டை நிறுத்தணும், மொபைல் எல்லாம் டீச்சர்கிட்ட இருக்கணும். ஒத்துக்கிறவங்க மதிய இடைவேளையில் என்கிட்ட பேர் கொடுங்க.

- பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி