குழந்தை கேட்டால் தீட்டா?

“எங்க லேப்ல மத்தவங்க சாம்பிளும் இருக்கும்மா. வேற இடம் பாருங்க.”

தனியார் கருத்தரிப்பு மையம் ஒன்று இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியதாக, கள ஆய்வில் சந்தித்த அக்கா ஒருவர் சொன்னார். கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அக்காவுக்கு இல்லை. “டீக்கடையில தனி கிளாஸ் வெச்ச ஊரு எங்களுது. இதுவும் அதேதானே தம்பி?” என்று கேட்டார்.

அதேதான். ஆய்வகத்தில் தொற்றைத் தவிர்க்க நடைமுறைகள் உண்டு. அவற்றைச் செய்யாமல் ஆளை வெளியே அனுப்புவதற்குப் பெயர் தீண்டாமை. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சை மறுப்பைத் தடை செய்கிறது; புகாரை விசாரிக்க மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது.

அறிவியலும் அவர்கள் பக்கம்தான். வைரஸ் பெரும்பாலும் விந்துத் திரவத்திலும் அதிலுள்ள பிற செல்களிலும் இருக்கிறது. விந்தணுவைக் கழுவிப் பிரித்துக் கருப்பையில் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் செம்ப்ரினியின் குழு 1992இலேயே வெளியிட்டது. பெண்ணுக்குத் தொற்று இருந்தால் இன்னும் எளிது. கணவரின் விந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் செலுத்தலாம்.

இன்று பலருக்கு அதுவும் தேவையில்லை. 2016இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில் 888 ஐரோப்பிய இணையர்கள் ஆணுறையின்றிச் சுமார் 58,000 முறை உறவு கொண்டனர். தொற்றுள்ளவர் மருந்தெடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு 200க்குக் கீழ் இருந்தது. துணைக்கு அவரிடமிருந்து ஒருமுறைகூடப் பரவவில்லை. அந்த மருந்தும் வைரஸ் அளவுப் பரிசோதனையும் நம் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம்.

அந்த அண்ணன் ஆறு வருடமாக மாத்திரை எடுக்கிறார். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆணுறை போடச் சொன்னார்கள். குழந்தை வேண்டுமா என்று கேட்கவில்லை. இவர்களுக்கு எதற்குக் குழந்தை என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

அகமணமே சாதியின் சாரம் என்று 1916இல் அம்பேத்கர் விளக்கினார். யார் யாரோடு பிள்ளை பெறலாம் என்பதை அடுத்தவர் தீர்மானிக்கும் சமூகம் இது. அந்தப் புத்தி வெள்ளைக் கோட்டு போட்டாலும் மாறுவதில்லை.

ஏ.ஆர்.டி. மையங்களில் ஒவ்வொரு இணையரிடமும் குழந்தை விருப்பத்தைக் கேட்க வேண்டும். வைரஸ் அளவு குறையாதவர்களுக்கும் கருத்தரிப்பில் சிக்கல் உள்ளவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளே விந்தணு கழுவும் வசதியைத் தர வேண்டும். லட்சங்கள் வைத்திருப்பவருக்கு மட்டுமானதா பிள்ளை?

“வைரஸ் அளவு எவ்வளவுன்னு அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்கக்கா” என்றேன். “அதைக் கேக்கலாமா?” என்றார்.

கேட்கலாம். அது அவர்கள் உரிமை.