ஆறாயிரம் யுவான் கோடு

சீனாவில் வெளிநாட்டு போன் பிராண்டுகளின் எதிர்காலம் என்று பேச்செடுத்தாலே அரசியலைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. சாம்சங் சரிந்ததற்கும் அதே காரணம்தான் சொல்கிறார்கள். தென் கொரியா அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பை ஏற்றது, சீனர்கள் கொரியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள் என்று. தேதிகள் ஒத்துவரவில்லை. அந்த அறிவிப்பு வந்தது 2016 ஜூலையில். 2013-இல் சீனச் சந்தையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்த சாம்சங்கை 2014-லேயே ஷாவ்மி முந்திவிட்டது. பாதி விலையில் கிட்டத்தட்ட அதே போன் கிடைத்தால் வாங்குபவர் என்ன செய்வார்?

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது, பேட்டரி தீப்பிடித்த சாம்சங்கின் நோட் 7 போன். 2016 செப்டம்பரில் உலகெங்கும் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த நிறுவனம், சீனாவில் விற்பவற்றில் இருப்பது வேறு பேட்டரி என்று சொல்லி அந்நாட்டை ஒதுக்கிவைத்தது. அங்கும் போன்கள் எரிந்தன. அக்டோபரில் சுமார் 1.9 லட்சம் போன்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2018 வாக்கில் சீனச் சந்தையில் அதன் பங்கு ஒரு சதவீத அளவுக்கு வந்து நின்றது. 2019-இல் ஹுய்சோ ஆலையும் மூடப்பட்டது.

ஆப்பிள் கதை வேறு. 2023 ஆகஸ்டில் ஹுவாவெய் மேட் 60 ப்ரோவுடன் திரும்பி வந்ததும், மேல்தட்டு விலையில் ஆப்பிளுக்கு இருந்த தனியாட்சி போயிற்று. 2022 நிதியாண்டில் 7,420 கோடி டாலராக இருந்த சீன வட்டார வருவாய் 2024-இல் 6,700 கோடிக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு அந்த நிறுவனம் செய்ததைத்தான் விலை நிர்ணயம் செய்கிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் சீன அரசு போன்களுக்கு மானியம் அறிவித்தது: விலையில் 15 சதவீதம், உச்சவரம்பு 500 யுவான், ஆனால் 6,000 யுவானுக்கு மேற்பட்ட போனுக்குக் கிடையாது. அதே ஆண்டு மே மாதமே, 7,999 யுவான் ஐபோன் 16 ப்ரோ ஆன்லைன் கடைகளில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கப்பட்டது. மானியமும் சேர்ந்ததும் வாங்கியவர் கொடுத்தது சுமார் 5,500. செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது விலை 5,999-ஐத் தாண்டவில்லை; சேமிப்பிடம் மட்டும் இரட்டிப்பானது. கௌரவத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து வைத்த விலை.

ஆனால் விலையால் எட்ட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஐபோனை விட்டுப் போகிறவர் ஐமெசேஜையும் விட்டுப் போக வேண்டும். சீனாவில் அரட்டை, பணம், டாக்ஸி, ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் வீசாட்டுக்குள். அது எந்த போனிலும் ஒன்றுதான். போனை மாற்றுவதில் வாடிக்கையாளருக்குப் பெரிய இழப்பு கிடையாது. போதாக்குறைக்கு, 2024-இல் பிற நாடுகளில் வெளியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2025 முழுவதும் சீனாவுக்கு வந்து சேரவில்லை. உள்ளூர் செயற்கை நுண்ணறிவு மாதிரி வேண்டும், அரசின் ஒப்புதல் வேண்டும். ஹுவாவெய்க்கும் ஓப்போவுக்கும் அந்தக் காத்திருப்பு இல்லை.

எனவே வாய்ப்பு அடியோடு போய்விட்டது என்று இந்த இதழ் கருதவில்லை, ஒடுங்கியிருக்கிறது. விலையையும் சர்வீஸையும் அங்கேயே முடிவு செய்யும் அதிகாரம் தன் சீனக் குழுவுக்கு இருக்கிற நிறுவனம் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைமையகத்தின் கையெழுத்துக்குக் காத்திருப்பது தாங்காது. மெமரி சிப் விலை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், 5,999-ஐ விடாமல் லாபத்தைக் குறைத்துக்கொள்வதா, கோட்டைத் தாண்டி மானியத்தை இழப்பதா என்பதுதான் அந்தக் குழுக்களின் மேசையில் அடுத்து வந்து விழப்போகும் கணக்கு.