90 நிமிடமும் ஒரு பச்சை அட்டையும்

என் அப்பா செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சென்ற ஆண்டு உறவினர் திருமணத்திற்காகத் தலைநகருக்குப் போயிருந்தோம். இரவு அவருக்கு நெஞ்சு பாரமாக இருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். முகப்பில் இருந்தவர் மலாயில் என்ன செய்கிறது என்று கேட்டார். அப்பா தமக்குத் தெரிந்த மலாயில், "மாசோக் அங்கின்" என்றார். காத்துப் பிடித்துக்கொண்டதாம்! பச்சை அட்டை கிடைத்தது.

நம் நாட்டு அவசரப் பிரிவுகளில் சிவப்பு உயிருக்கு ஆபத்தானவர்க்கு, மஞ்சள் அடுத்த நிலைக்கு, பச்சை காத்திருக்கக் கூடியவர்க்கு. பச்சை நோயாளியை 90 நிமிடத்திற்குள் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சு வைத்த குறியீடுகளில் ஒன்று. அப்பாவை 75ஆவது நிமிடத்தில் கூப்பிட்டார்கள். ஈசிஜி எடுத்த கையோடு சக்கர நாற்காலியில் சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாரடைப்பு. நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்திற்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. ஆனால் பதிவேட்டின்படி அப்பா, இலக்குக்குள் பார்க்கப்பட்ட நோயாளி!

அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த முகப்பு ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அன்று கூட்டம் நடைபாதை வரை நின்றது. குடிமக்களிடம் ஒரு ரிங்கிட் வாங்கிக்கொண்டு இவ்வளவு பேரைப் பார்க்கும் மருத்துவமனைகளை ஏளனம் செய்வதும் முறையாகாது. என் கேள்வி அளவுகோலைப் பற்றியது.

இங்கிலாந்தைப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு வருபவர் நான்கு மணி நேரத்திற்குள் சிகிச்சை முடிந்து வீடு திரும்ப வேண்டும், அல்லது வார்டில் சேர்க்கப்பட வேண்டும் என்று விதித்தார்கள். 2004-இல் இலக்கு 98 விழுக்காடு. 2010-இல் அதை 95 ஆகக் குறைத்தார்கள். காத்திருக்கும் நேரம் உண்மையாகவே குறைந்தது. ஆனால் நான்கு மணி நேரம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில் மட்டும் வெளியேறுவோர் எண்ணிக்கை திடீரென எகிறியதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். நோய் கடிகாரம் பார்த்தா குணமாகும்? நேரத்தை மட்டும் அளந்தால் நேரம் மட்டும்தான் சரியாகும்.

நம் அமைச்சின் குறியீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பாக இருக்க வேண்டியவரைப் பச்சையில் உட்கார வைத்த தவறு எத்தனை முறை நடந்தது என்பது அது. என்னைக் கேட்டால் 90 நிமிடத்தைவிட இதுவே பெரிய அளவுகோல். காத்திருந்து சலித்து மருத்துவரைப் பார்க்காமலே எழுந்து போனவர்களின் கணக்கும் இதன் பக்கத்தில் வர வேண்டும். வார்டில் கட்டில் காலியாகாததால் அவசரப் பிரிவிலேயே கிடப்பவர்களின் நேரத்தையும் சேர்க்க வேண்டும். நெரிசலுக்கு அது முக்கிய காரணம்.

ஆனால் ஒன்றை எந்தக் குறியீடும் அளக்காது. அன்று நான் அப்பாவின் பக்கத்திலேயே நின்றேன். தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் படித்தவன், மலாய் நன்றாக வரும். இருந்தும் அவர் "மாசோக் அங்கின்" என்றபோது திருத்தாமல் நின்றேன். வீட்டில் அவர் சொன்னது, "மாரு அடைக்குதுடா, கல்ல வச்ச மாரி இருக்கு." இதை அப்படியே மலாயில் சொல்லியிருந்தால் அட்டையின் நிறம் மாறியிருக்கும். நம் பெரியவர்கள் வலியைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலிக்காமலே போகலாம். வெறும் களைப்பு, வியர்வை, மூச்சு வாங்குவது என்று வரும்.

ஆகவே நம் மொழிக்கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். அடைக்குது, குத்துது, எரியுது, மரத்துப்போச்சு, கிறுகிறுங்குது போன்ற சொற்களுக்கு மருத்துவர் புரிந்துகொள்ளும் மலாய்ச் சொற்களை ஒரே தாளில் அச்சடிப்போம். எங்கள் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்களிடம் சரிபார்க்கக் கேட்கலாம். உங்கள் பாட்டி, தாத்தா வலிக்குச் சொல்லும் சொற்களை எழுதிக் கழக அறையில் கொடுங்கள். என் அப்பாவிடமிருந்து இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன.